நீராவி இயந்திரமும் லான்ட்மாஸ்டரும்: பிள்ளைகளிடம் நாம் கேட்கும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற மாதம் எங்கள் பகுதிப் பாடசாலை மாணவர்களுக்கென நடத்தப்பட்ட பொது அறிவுப் போட்டி ஒன்றில் ‘நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்றொரு வினா இடம்பெற்றிருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, தரம் 9இல் கற்கும் மாணவி ஒருத்தி அதற்குத் ‘தோமஸ் நியூகொமன்’ என்று விடை எழுதியிருந்தாள். விடை சிவப்பு மையினால் வெட்டப்பட்டு, அருகில் ‘ஜேம்ஸ் வாட்’ என்று திருத்தப்பட்டுத் தாள் அவளிடம் திரும்பி வந்தது. மாலை வேளைகளில் என்னிடம் விஞ்ஞானப் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுள் அவளும் ஒருத்தி. அந்தத் தாளை என் முன் வைத்து, “சேர், நான் எழுதினது பிழையா?” என்று கேட்டாள். பிழையில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அத்துடன், 31 வருடங்கள் விஞ்ஞானம் கற்பித்த நானும் அதே வினாவை அதே ஒற்றை விடையுடன் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அந்த மன உறுத்தலே இக்கடிதத்தை எழுத வைத்தது.

பிள்ளை நூலகத்தில் எடுத்துப் படித்த நூலில் இருந்தது சரியான செய்தியே. 17ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தின் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போக, உள்ளே ஊறிவரும் நீரை இறைத்து வெளியேற்றுவது பெரும்பாடாயிற்று. 1698இல் தோமஸ் சேவரி என்பவர் நெருப்பின் துணையால் நீரை உயர்த்தும் கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், பெற்றார். அது ஆழமான சுரங்கங்களுக்கு ஏற்றதாக இருக்கவில்லை. பின்னர் டார்ட்மவுத் நகரில் இரும்புப் பொருள்களை ஆக்கி விற்றுவந்த நியூகொமன், 1712இல் டட்லி நகரை அடுத்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தமது இயந்திரத்தை நிறுவினார். அதன் செயற்பாடு எளிமையானது. ஓர் உருளைக்குள் நீராவி நிரம்பும். உள்ளே குளிர்ந்த நீர் பீச்சப்படும். நீராவி ஒடுங்கி நீராகிவிட, உருளைக்குள் வெற்றிடம் உண்டாகும். வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கம் முசலத்தை, அதாவது நம் மெக்கானிக்குகள் பிஸ்டன் என்று சொல்லும் உறுப்பை, கீழே அழுத்தும். மறுமுனையில் பம்பு நீரை மேலே தூக்கும். வாட் பிறந்தது 1736இல். அவர் பிறப்பதற்கு முன்னரே இந்த இயந்திரங்கள் சுரங்கங்களில் இறைத்துக்கொண்டிருந்தன.

அப்படியானால் வாட் செய்தது என்ன என்று மாணவி கேட்டாள். அந்த வினாத்தாளில் இருந்திருக்க வேண்டிய வினா அதுவே என்று நான் நினைக்கிறேன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்தும் பழுது பார்த்தும் கொடுத்துவந்த வாட்டிடம், 1763-64 காலப்பகுதியில், நியூகொமன் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று திருத்துவதற்காக வந்தது. திருத்தி ஓடவிட்டபோது, முசலத்தின் சில வீச்சுகளிலேயே அதன் கொதிகலன் நீராவியின்றி நின்றுவிடுவதை அவர் கவனித்தார். ஒவ்வொரு வீச்சின்போதும் உருளையைக் குளிரவைத்து மீண்டும் சூடாக்க வேண்டியிருப்பதால் நீராவியின் பெரும்பகுதி வீணாகிறது என்று அளந்து கண்டறிந்தார். 1765இல் அவருக்கு ஒரு வழி தோன்றியது: உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும், நீராவி ஒடுங்குவதற்கு வேறொரு குளிர்ந்த கலத்தை அதனுடன் இணைக்கலாம் என்பதே அது. 1769இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. ஆயினும் எண்ணத்தில் தெளிவாக இருந்தது இரும்பில் வரவில்லை. முசலத்துடன் இடைவெளியின்றிப் பொருந்தும் அளவுக்குத் துல்லியமான பெரிய உருளையை எவராலும் செய்ய முடியவில்லை. பீரங்கிக் குழாய் துளைப்பதற்காக 1774இல் ஜோன் வில்கின்சன் ஆக்கிய துளைபொறி வந்த பின்னர்தான் அது கைகூடியது. பர்மிங்ஹாமின் மத்தியூ போல்டன் முதலும் தொழிலாளரும் தொழிற்சாலையும் தந்து 1775இல் பங்காளியானார். பழைய இயந்திரத்துடன் ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகப் பெறுவதே அவர்கள் வகுத்த வியாபார முறை. இந்த முறையும் ஒரு புத்தாக்கம்தான் என்பேன். முதல் வைத்திராத சுரங்க உரிமையாளரும் புதிய இயந்திரத்தை நாடத் துணிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் சொல்லப்பட வேண்டிய இடத்தில், கேத்தல் மூடி துள்ளுவதைச் சிறுவன் வாட் பார்த்தான், நீராவி இயந்திரம் பிறந்தது என்ற கதையைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். அந்தக் கதையில் நியூகொமனுக்கு இடமில்லை; வில்கின்சனுக்கும் போல்டனுக்கும் இடமில்லை; ஆக்கவுரிமை 1800 வரை நீடிக்கப்பட்டிருந்தது என்பதற்கும், உயர் அமுக்க நீராவியை ஆபத்தானதென்று வாட் எதிர்த்தார் என்பதற்கும், அதே உயர் அமுக்கத்தை நம்பிய ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1804இல் தண்டவாளத்தில் முதல் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார் என்பதற்கும் இடமில்லை. கேத்தல் கதையைக் கேட்ட பிள்ளைக்குத் தானும் இப்படி ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணம் வருவது கடினம். பழுதான மாதிரியைத் திருத்த உட்கார்ந்தவர் அது ஏன் நிற்கிறது என்று அளந்து பார்த்த கதையைக் கேட்ட பிள்ளை, வீட்டில் பழுதாகிக் கிடக்கும் நீர்ப்பம்பியை வேறு கண்ணோடு பார்க்கும். இதை நான் என் கண்முன்னே கண்டேன். அந்த மாணவி மறுநாள் வந்தபோது, தன் தகப்பனாரின் பம்பியில் நீர் ஏறாமல் போவதற்கான காரணத்தை வெற்றிடத்தோடு இணைத்து என்னிடம் விளக்கினாள்.

இக்குழப்பத்துக்கு நம் சொல் வழக்கும் ஒரு காரணம். தொலைந்த மாட்டைக் கண்டுபிடிக்கிறோம். புவியீர்ப்பைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்கிறோம். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் பெல் என்கிறோம். ஏற்கெனவே இயற்கையில் இருந்த ஒன்றைக் கண்டறிவதற்கும், இல்லாத ஒன்றை ஆக்குவதற்கும் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்துவதால், மாணவர்களுக்கென வெளியாகும் ‘கண்டுபிடித்தவர்கள்’ அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. பெனிசிலின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங், தமது கண்ணாடித் தட்டில் படர்ந்த பூஞ்சணத்தைச் சுற்றிப் பற்றீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். அது கண்டறிதல். அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, 1940இல் எலிகளிலும் அடுத்த ஆண்டு மனிதரிலும் பரிசோதித்தவர்கள் ஒக்ஸ்ஃபோர்டின் ஹோவர்ட் ஃபுளோரி, ஏர்ன்ஸ்ட் செயின், நோமன் ஹீட்லி ஆகியோர். அது ஆக்கம். 1945இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவருக்குமே பகிரப்பட்டது. பிரித்தெடுக்கும் முறையையும் பூஞ்சணம் வளர்க்கும் கலங்களையும் வடிவமைத்த ஹீட்லியின் பெயர் அதில் இல்லை. நம் அட்டவணையிலோ ஃபிளெமிங் ஒருவர் மட்டுமே இருக்கிறார். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, 1930களில் தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்ற சுவாமி விபுலாநந்தரின் மண் இது. புத்தாக்கம், புத்தாக்குநர் என்ற நல்ல சொற்கள் இப்போது அரச வழக்கிலும் வந்துவிட்டன. வினாத்தாள் தயாரிப்போர் அவற்றைப் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மின்குமிழ் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எடிசனுக்கு முன்னரும் அவரது காலத்திலும் பலர் அதில் முயன்றனர் என்பதும், இங்கிலாந்தில் ஜோசப் சுவான் 1879 தொடக்கத்திலேயே தமது குமிழை மக்கள் முன் எரியவைத்துக் காட்டினார் என்பதும் பலரும் அறிந்ததே. நான் வலியுறுத்த விரும்புவது 1882 செப்டெம்பர் 4ஆம் திகதியை. அன்றுதான் நியூயோர்க்கின் பேர்ள் வீதி மின்நிலையத்திலிருந்து எடிசனின் நிறுவனம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மின்பிறப்பாக்கி, நிலத்தடிக் கம்பிகள், எவ்வளவு செலவாயிற்று என்று அளக்கும் மானி என அனைத்தையும் ஒரே ஒழுங்கில் சிந்தித்ததே அவரது பெருஞ்சாதனை. உள்நாட்டுப் போர் முடிந்த பின்னரே மின்கம்பியைக் கண்ட படுவான்கரைக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு, கம்பி வராத ஊரில் குமிழால் பயனில்லை என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி, இக்கடிதத்தின் முக்கிய விடயத்துக்கு வருகிறேன். அன்று மாலை என்னிடம் வந்திருந்த பிள்ளைகள் அனைவரிடமும், “லான்ட்மாஸ்டரை ஆக்கியவர் யார்?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “அது மிசினுக்குப் பேர்தானே, சேர்” என்றான் ஒரு மாணவன். அவர்கள் வீடுகளில் அநேகமானவற்றின் வாசலில் ஓர் இரு சக்கர உழவு இயந்திரம் நிற்கிறது. உழுவதற்கும், பெட்டியைப் பூட்டி நெல் ஏற்றுவதற்கும், கொக்கட்டிச்சோலைத் தேருக்கு முழுக் குடும்பத்தையும் ஏற்றிச் செல்வதற்கும் அதுவே துணை. இன்று ஓடுவது ஜப்பானிய இயந்திரமாகவோ சீனத் தயாரிப்பாகவோ இருந்தாலும் நம் மக்களின் வாயில் அது லான்ட்மாஸ்டர்தான்.

அந்தப் பெயருக்குரிய இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கையர். 1924இல் பிறந்து 2010இல் மறைந்த ரே விஜேவர்தன, கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர், விமானி, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர், பிற்காலத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். பெரிய நான்கு சக்கர உழவு இயந்திரத்தை வாங்க வசதியற்ற, சிறு வயல் வைத்திருக்கும் வெப்பவலய விவசாயிக்கென அவர் உருவாக்கிய கைப்பிடியுள்ள சிறு இயந்திரத்தை, 1950களில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நிறுவனமொன்று லான்ட்மாஸ்டர் என்ற பெயரில் தயாரித்துப் பல நாடுகளுக்கு விற்றது. வாட்டையும் எடிசனையும் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, தங்கள் வயலை உழும் இயந்திரத்தின் பின்னால் இந்நாட்டின் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது தெரியாமலிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

ஆனால் அவரது பெயரை அட்டவணையில் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுமாறு நான் கேட்கவில்லை. அவரது கதையின் பெறுமதி அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. தமது இயந்திரத்தைப் பற்றி உரையாற்றிய ஒரு சந்தர்ப்பத்தில், ‘நீங்கள் விவசாயத்தை இயந்திரமயமாக்கினீர்களா, அல்லது எருமையை மட்டும் இயந்திரமயமாக்கினீர்களா?’ என்ற பொருளில் ஒருவர் கேட்ட கேள்வி தம்மை ஆழமாகச் சிந்திக்க வைத்ததென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உழவின் முக்கிய பயன் களையை அடக்குவதே என்றும், வெப்பவலய மண்ணைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது அதற்குக் கேடு என்றும் அவர் கருதத் தொடங்கினார். நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள வெப்பவலய விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், உழாத நிலத்திலேயே உருண்டு சென்று விதையை ஊன்றும் கருவியை உருவாக்கினார். நாடு திரும்பிய பின்னர், சரிவு நிலங்களில் கிளிரிசீடியா மரங்களை வேலியாக நட்டு மண்ணையும் பசளையையும் காக்கும் முறையைப் பரப்பினார். தன் பெயரை உலகறியச் செய்த ஆக்கத்தையே மீள் பரிசீலனை செய்து, அதற்கு மாற்றானதையும் தானே ஆக்க முனைந்த புத்தாக்குநர்கள் வரலாற்றில் மிகச் சிலரே.

அந்த எருமைக் கேள்வி மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில், பெரும் நிலக்காரரான போடியார்மாரின் எருமைப் பட்டிகளை வயலுக்குள் இறக்கிச் சேறு மிதிக்க வைப்பார்கள். அறுவடையான பின் களவெட்டியில் சூடு மிதித்ததும், அதாவது கதிரை மிதித்து நெல்லைப் பிரித்ததும், அவையே. எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, முதல் லான்ட்மாஸ்டர் வந்த நாளில் வரம்பு நிறையச் சனம் நின்று பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. என் தகப்பனார் மகிழ்ந்தார், ஏனெனில் முறைக்காகக் காத்திருக்காமல் மழை விழுந்தவுடன் உழ முடிந்தது. காலப்போக்கில் பட்டிகள் குறைந்தன. எருமை தந்த எருவும் போயிற்று. தயிருக்குப் பெயர்போன இந்த மண்ணில் எருமைத் தயிர் அருமையாயிற்று. 2022இல் டீசலுக்காகக் கானைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, முதிய விவசாயி ஒருவர் என்னிடம், “எருமைக்கு இந்தக் கவலை இருக்கேல்ல” என்றார். விஜேவர்தன தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதை அவர் வேறு சொற்களில் சொன்னார். அதற்காக லான்ட்மாஸ்டர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது பல்லாயிரம் குடும்பங்களின் முதுகெலும்பைக் காத்த இயந்திரம். ஓர் ஆக்கம் எதைத் தந்தது, எதை எடுத்துச் சென்றது என்ற இரண்டையும் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கப் பழக வேண்டும்.

கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் இவ்வாறே கேட்கலாம். கல்முனையிலும் வாழைச்சேனையிலும் படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சினை வர்த்தக ரீதியில் வெற்றி பெறச் செய்தவர், நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், ஆண்டு 1909. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கமரன் வோட்டர்மன் அத்தகைய ஒன்றை விற்றிருந்தார். பருத்தி நூல் வலையின் இடத்தைப் பிடித்த நைலோன், 1935இல் வொலஸ் கரோதர்ஸின் ஆய்வுக் குழுவில் பிறந்தது. அது சந்தைக்கு வருவதைக் காணாமலே 1937இல் அவர் இறந்துவிட்டார். அதே நைலோன் இழையிலிருந்து வந்த, ஒற்றை இழையாலான தங்கூசி வலை இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் அது நம் வாவியிலிருந்து முற்றாக நீங்கவில்லை என்பதை மீனவர்கள் அறிவர்.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் ‘கண்டுபிடிப்புகளும் கண்டுபிடித்தவர்களும்’ என்ற தலைப்பிலான அட்டவணைகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நல்ல நோக்கத்துடன் வெளியிடப்படும் அவற்றின் இடத்தில், வாரம் ஓர் ஆக்கத்தை மட்டும் எடுத்து, அது எந்தத் தேவையால் பிறந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, எங்கே தவறியது, எவரெவர் கை பட்டது என்பதை விரிவாக எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வினாத்தாள் தயாரிப்போர் ‘யார்?’ என்று கேட்கும் இடத்தில் ‘எதை மாற்றினார்?’ என்று கேட்கலாம். ஒரு புள்ளிக்குரிய சிறு விடையாகவே அது இருக்கட்டும். எங்கள் ஊர்களில் இரு சக்கர உழவு இயந்திரத்தை நீரிறைக்கவும் மரம் அரியவும் பொருத்தித் தரும் கைவினைஞர்கள் பட்டறைதோறும் இருக்கிறார்கள். பாடசாலைகள் அவர்களை ஒருநாள் அழைத்து, தாங்கள் மாற்றியமைத்ததைப் பிள்ளைகள் முன் கழற்றிப் பூட்டிக் காட்டச் செய்யலாம். புதிதாக ஒன்றை ஆக்கியவருக்கு ஆக்கவுரிமை என்ற ஏற்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் உண்டென்பதும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அது பாதுகாப்புத் தரும் என்பதும், புலமைச் சொத்து அலுவலகமும் புத்தாக்குநர் ஆணைக்குழுவும் இருப்பதும் அந்தப் பட்டறைகளில் பலருக்குத் தெரியாது. அந்த விபரங்களையும் தமிழில் தெளிவாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

பெரும்போக உழவு தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. லான்ட்மாஸ்டரைப் பற்றிய முதற் கட்டுரையை அதற்கு முன் வெளியிட முடியுமாயின், வயலில் இயந்திரம் இறங்கும் நாளில் அதைப் பிள்ளைகளுடன் சேர்ந்து வாசிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். மேற்கூறிய மாணவியின் விடைத்தாளை மீளப் பார்க்குமாறு போட்டி ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.